அலைக்கற்றைக் குறுக்கீடும் அதைத் தடுக்கும் வழிகளும்: பொட்டிப்புரத்திலிருந்து முத்தோரை வரை – முக்கியக் குறிப்புகள்

டி.என்.பி.எஸ்.சி. தொகுதித் தேர்வுகளுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் படிக்கும் பலர், பொட்டிப்புரம் என்ற பெயரைக் கண்டதும் "நியூட்ரினோ, 50 கிலோ டன், தேனி" என்று மூன்று சொற்களை ஒப்பித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த மலையை ஏன் தேர்ந்தார்கள் என்ற கேள்விக்குள் போனால் பாடத்திட்டத்தின் இன்னொரு பெரிய பகுதியும் சேர்ந்தே புரியும். மெலிதான ஒரு சமிக்ஞையைக் கேட்க வேண்டுமானால், அதை மூழ்கடிக்கும் மற்றவற்றை எப்படி விலக்குவது? பொட்டிப்புரத்தில் விலக்க வேண்டியவை விண்ணிலிருந்து பொழியும் துகள்கள். நம் வீட்டு வை-ஃபை, கைப்பேசி, பண்பலை வானொலி, உதகைத் தொலைநோக்கி ஆகியவற்றுக்குத் தொல்லை தருபவை மற்றவர்களின் ரேடியோ அலைகள். இந்தக் குறிப்புகள் இரண்டாவதைப் பற்றியவை. ஆனாலும் முதலில் சொந்த மாவட்டமான தேனியிலிருந்தே தொடங்கலாம்.

பொட்டிப்புரம்

• தேனி மாவட்டம், தேவாரம் அருகே, போடி மேற்கு மலைத் தொடரில் உள்ள கிராமம். ஆய்வகத்துக்குத் தேர்வான குன்று அம்பரப்பர் மலை. பாறை வகை சார்னோக்கைட். உறுதியான, வெடிப்புகள் குறைந்த பாறை என்பதால் பெரிய குகை அமைக்க ஏற்றது.

• திட்டத்தின் பெயர் இந்திய நியூட்ரினோ ஆய்வகம். அணுசக்தித் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் நிதி தர, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்துவதாக ஏற்பாடு. 2015 தொடக்கத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் ₹1,500 கோடி.

• திட்டமிட்ட கருவி, காந்தமூட்டிய இரும்பு கலோரிமீட்டர். எடை 50,000 டன். இரும்புத் தகடுகளுக்கு இடையே கண்ணாடியால் ஆன மின்தடைத் தட்டு உணரிகள் ஏறக்குறைய 30,000. இதன் 85 டன் மாதிரி மதுரையில் இயங்கியது.

• மலையின் தேவை: கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் ஒரு காஸ்மிக் மியூவான் விழுகிறது. திறந்தவெளியில் கருவியை வைத்தால் இந்த மியூவான்களே பதிவேட்டை நிரப்பிவிடும்; அபூர்வமாக மோதும் நியூட்ரினோ அதில் காணாமல் போகும். எல்லாத் திசையிலும் 1 கிலோமீட்டருக்குக் குறையாத பாறை இருந்தால் மியூவான் வரத்து ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறையும். நியூட்ரினோவுக்குப் பாறை ஒரு தடையே அல்ல.

• கோலார் தங்கச் சுரங்கத்தில் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவானதும் இதே காரணத்தால்தான்: ஆழம். பொருத்துக வினாவில் கோலார் – 1965 என்பதை மறக்கக் கூடாது.

• முதலில் பேசப்பட்ட இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009-இல் மறுக்கப்பட்டது. பொட்டிப்புரத்திலும் வழக்குகள் தொடர்ந்தன. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தியது. 2018 மார்ச்சில் மத்திய அமைச்சகம் புதிய அனுமதி வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதை ஏற்றாலும் தேசியக் காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதே காரணம். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்துக்கு எதிராகப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. பெரியாறு – மதிகெட்டான் புலி வழித்தடம் அதில் முக்கிய வாதம். விடைத்தாளில் ஊர் மக்களின் எதிர்ப்பை அறியாமை என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்காதீர்கள். நீர், காடு, பாறை வெடிப்பு பற்றிய கேள்விகள் எல்லாம் கேட்கத் தக்கவையே.

ரேடியோவில் குறுக்கீடு: அடிப்படை

• 3,000 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட மின்காந்த அலைகளே ரேடியோ அலைகள் என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறை.

• ஒரே அதிர்வெண்ணில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் இரண்டு அலைபரப்பிகள் இயங்கினால், ஏற்பிக்கு வேண்டியதும் வேண்டாததும் கலந்தே வந்து சேரும். அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடுவதில்லை. இரண்டையும் பிரித்தறிய ஏற்பியால் முடியாமல் போவதுதான் சிக்கல். ஆகவே கேட்கும் இடத்தில் எது எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதே கணக்கு.

• ஒன்றியத்தின் ரேடியோ ஒழுங்குமுறைகள் குறுக்கீட்டை மூன்று நிலையாகப் பிரிக்கின்றன: அனுமதிக்கத்தக்கது, ஏற்றுக்கொள்ளப்பட்டது, தீங்கானது. தடுக்க வேண்டிய கடமை மூன்றாவதற்கே. குறுக்கீடே இல்லாத அலைக்கற்றை எங்கும் கிடையாது.

• அலைக்கற்றை பயன்படுத்தினால் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. அலைபரப்பி நின்ற கணமே அந்த இடம் மீண்டும் காலியாகிவிடும். ஆனாலும் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளக் கிடைக்கும் அளவுக்கு எல்லை உண்டு. ஒன்றியத்தின் அரசமைப்பு, அதிர்வெண்களையும் செயற்கைக்கோள் சுற்றுப்பாதைகளையும் வரையறைக்குட்பட்ட இயற்கை வளங்கள் என்கிறது.

பிரித்து வைக்கும் வழிகள்

• அதிர்வெண்ணால் பிரித்தல். பழமையான வழி. கம்பம் பள்ளத்தாக்கில் 100.5 மெகாஹெர்ட்ஸ் என்றாலே கோடை பண்பலைதான். கொடைக்கானல் உச்சியிலிருந்து 10 கிலோவாட் திறனில் ஒலிபரப்பாவதால், பள்ளத்தாக்கைத் தாண்டித் தென்மாவட்டங்கள் பலவற்றுக்கும் அது எட்டுகிறது. பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது; அதனால்தான் உயரம் அதற்குப் பலம். அதே உயரத்தால் இன்னொரு விளைவும் உண்டு: இவ்வளவு தொலைவு எட்டும் ஒரு நிலையம் இருக்கும்போது, அதன் அதிர்வெண்ணையோ மிக நெருங்கிய அதிர்வெண்ணையோ அந்தப் பரப்புக்குள் வேறு நிலையத்துக்குத் தர முடியாது.

• இடத்தால் பிரித்தல். கைப்பேசி வலையமைப்பின் அடித்தளம் இதுதான். குறைந்த திறனில் சிறு பரப்பை மட்டும் ஒரு கோபுரம் பார்த்துக்கொள்ளும். போதிய தொலைவு தள்ளி அதே அதிர்வெண் மறுபடி பயன்படும். இதுவே அதிர்வெண் மறுபயன்பாடு. திறந்தவெளியில் தொலைவு இரட்டித்தால் சமிக்ஞையின் செறிவு நான்கில் ஒன்றாகும் என்ற எதிர் இருமடி விதி இங்கே நேரடியாக வேலை செய்கிறது. மலை குறுக்கே இருந்தால் இன்னும் வேகமாகக் குறையும். இந்தியாவில் கைப்பேசி அலைக்கற்றை 22 உரிமச் சேவைப் பகுதிகளாகப் பிரித்து வழங்கப்படுகிறது. தேனி மாவட்டம் தமிழ்நாட்டுப் பகுதியில்; போடிமெட்டும் குமுளியும் தாண்டினால் கேரளப் பகுதி. மலை விளிம்பில் நிற்கும் கைப்பேசி பக்கத்து மாநிலக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வதை எல்லையோர மக்கள் அறிவார்கள். அலை மாநில எல்லையில் நிற்காது. அதனால் எல்லையோரக் கோபுரங்களின் திறனையும் ஆண்டெனா சாய்வையும் பார்த்து அமைக்க வேண்டியிருக்கிறது.

• நேரத்தால் பிரித்தல். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் குறையும் ஆண்டுகளில் முறை வைத்துப் பாய்ச்சுவதைப் போன்றது: வாய்க்கால் ஒன்றுதான், மடை திறக்கும் நேரம் ஆளுக்கு ஆள் மாறும். ஜி.எஸ்.எம். முறையில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அலைவரிசையை 8 நேரத்துண்டுகளாக்கி எட்டு அழைப்புகளுக்குப் பங்கிட்டார்கள்.

• குறியீட்டால் பிரித்தல். எல்லோரும் ஒரே அகன்ற பட்டையில், ஒரே நேரத்தில் பேசலாம். ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீடு. தனக்குரிய குறியீட்டைக் கொண்டு ஏற்பி தன் செய்தியை மட்டும் மீட்டெடுக்கும். மற்றவை மெல்லிய இரைச்சலாக எஞ்சும். சி.டி.எம்.ஏ. என்பது இதுவே.

• திறனைக் கட்டுப்படுத்துதல். தேவைக்கு மேல் உரக்கப் பேசாமலிருப்பது. கோபுரத்துக்கு அருகே வந்ததும் கைப்பேசி தானாகவே தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். மின்கலமும் மிச்சம், அண்டைக் கருவிக்கும் தொல்லை குறைவு.

வை-ஃபையும் ப்ளூடூத்தும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உரிமம் இல்லாதவர்கள் ஒரே பட்டையில் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. யாருக்கும் தனி உரிமை கிடையாது, மேலாளரும் கிடையாது. ஒழுங்கு கருவிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

• இருவரும் வாழ்வது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில். நுண்ணலை அடுப்பும் அதே இடத்தில், சுமார் 2.45 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அடுப்பு ஓடும்போது பக்கத்தில் வை-ஃபை தடுமாறுவதற்கு அதிலிருந்து கசியும் சிறிதளவு அலையே காரணம்.

• வை-ஃபையின் தரநிலை ஐ.இ.இ.இ. 802.11. இந்தப் பட்டையில் 1 முதல் 13 வரை அலைவரிசைகள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. ஆனால் ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும். எனவே பக்கத்துப் பக்கத்து எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். படியாத மூன்று: 1, 6, 11. பல மாடிக் குடியிருப்பில் ஆளுக்கொரு எண்ணாக 2, 3, 4 என்று வைத்துக்கொள்வதைவிட, எல்லோரும் இந்த மூன்றுக்குள் நின்றால் அனைவருக்கும் நல்லது. ஒரே அலைவரிசையில் இருக்கும் இரு கருவிகள் ஒன்றையொன்று கேட்டு வழிவிடும். பாதி படிந்தவை ஒன்றுக்கொன்று வெறும் இரைச்சல்தான்.

• பேசும் முன் கேள் – இதுவே வை-ஃபையின் விதி. காற்றில் வேறு யாரும் அனுப்பவில்லை என்று உறுதியான பிறகு, தற்செயலாகத் தேர்ந்த ஒரு சிறு நேரம் காத்திருந்து அனுப்பும். மோதல் நேர்ந்தால் அடுத்த காத்திருப்பின் உச்சவரம்பு இரட்டிக்கும். இந்தச் சிந்தனையின் மூதாதை, 1971-இல் ஹவாய்த் தீவுகளை வானொலி வழி இணைத்த நார்மன் ஆப்ராம்சனின் அலோஹா வலையமைப்பு.

• மறைந்த முனைச் சிக்கல்: நடுவில் இருக்கும் திசைவிக்கு இரு கணினிகளும் கேட்கும், ஆனால் அவை ஒன்றுக்கொன்று கேட்காது. இரண்டும் "காற்று காலியாக இருக்கிறது" என்றெண்ணி ஒரே நேரத்தில் அனுப்பி மோதும். இதற்குத் தீர்வு, அனுப்பலாமா என்று திசைவியிடம் கேட்டு, அது தரும் அனுமதியைச் சுற்றியுள்ள எல்லாக் கருவிகளும் கேட்கும்படி செய்வது.

• ப்ளூடூத் வேறு வழியில் போகிறது. பட்டையை 1 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 79 துண்டுகளாக்கி, நொடிக்கு 1,600 முறை துண்டு மாறித் தாவுகிறது. ஒரு துண்டில் மோதினாலும் அடுத்த தாவலில் தப்பும். 2003-இல் வந்த 1.2 பதிப்பு முதல், வை-ஃபை நிரம்பிய துண்டுகளைத் தெரிந்துகொண்டு தவிர்க்கும் தகவமைப்புத் தாவல் சேர்ந்தது. குறைந்த ஆற்றல் ப்ளூடூத்தில் துண்டுகள் 40. தன்னை அறிவிப்பதற்கான மூன்றும், வை-ஃபையின் 1, 6, 11 அலைவரிசைகளின் மையப் பகுதிகளை விட்டு விலகி இருக்கும்படி தேர்ந்தவை.

• அதிர்வெண் தாவலுக்கு நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் அன்டைலும் 1942-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். நோக்கம், நீர்மூழ்கிக் குண்டை வழிநடத்தும் ரேடியோ கட்டளையை எதிரி குலைக்காமல் காப்பது.

• 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையின் சில பகுதிகளில் ரேடார்களுக்கே முன்னுரிமை. அங்கு இயங்கும் வை-ஃபை கருவி ரேடார் துடிப்பைக் கேட்டதும் வேறு அலைவரிசைக்கு விலக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. இதன் பெயர் இயங்குநிலை அதிர்வெண் தேர்வு.

இந்தியாவில் உரிமம் தேவைப்படாத பட்டைகள்

• 2,400–2,483.5 மெகாஹெர்ட்ஸ்: 2005 ஜனவரி அறிவிக்கை. அலைபரப்பியின் திறன் 1 வாட், ஆண்டெனாவுடன் சேர்த்து 4 வாட் உச்சவரம்பு.

• 865–867 மெகாஹெர்ட்ஸ்: 2005. ரேடியோ அடையாள அட்டைகள், குறைதிறன் உணரிகள் இதில் இயங்குகின்றன. 2021-இல் 868 வரை நீட்டிக்கப்பட்டது.

• 5 ஜிகாஹெர்ட்ஸ்: 2018 அக்டோபர் அறிவிக்கை, நான்கு துண்டுகளாக மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ்.

• 5,925–6,425 மெகாஹெர்ட்ஸ்: வரைவு விதிகள் 2025 மே மாதம் வெளியாயின. கட்டடத்துக்குள் குறைதிறன், வெளியே மிகக் குறைதிறன் என்ற வரம்புடன். எண்ணெய்த் துரப்பண மேடைகளில் தடை.

• உரிமம் வேண்டாம் என்றால் விதியே இல்லை என்று பொருள் அல்ல. மூன்று நிபந்தனைகள் எப்போதும் உடன் வரும்: பிறருக்குக் குறுக்கீடு செய்யக் கூடாது, பிறரால் வரும் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்புக் கோர முடியாது, பட்டை பொதுவானது. ஏலக்காய்த் தோட்டத்தில் ஈரப்பத உணரி வைக்கும் விவசாயிக்கும், பெருநகர நிறுவனத்துக்கும் இதில் ஒரே தகுதி. இந்தச் சமத்துவம் எனக்கு மிகவும் மதிப்பு வாய்ந்ததாகப் படுகிறது. கட்டுரை வினாவில் எழுதத் தக்கது.

அமைப்புகள், சட்டங்கள், தீர்ப்புகள்

• சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்: 1865 மே 17, பாரிஸ். தலைமையகம் ஜெனீவா. இந்தியா 1869 முதல் உறுப்பினர். உலகம் மூன்று ரேடியோ மண்டலங்கள். இந்தியா மண்டலம் 3. உலக ரேடியோ மாநாடு கடைசியாக 2023-இல் துபாயில் கூடியது.

• முதன்மைச் சேவை, இரண்டாம் நிலைச் சேவை: ஒரே பட்டை இருவருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தால், இரண்டாம் நிலையினர் முதன்மைச் சேவைக்குத் தொல்லை தரக் கூடாது, அதனிடமிருந்து பாதுகாப்பும் கேட்க முடியாது.

• கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல், ஒருங்கிணைப்புப் பிரிவு: 1952, தொலைத்தொடர்புத் துறையின் கீழ். அலைக்கற்றையை ஒதுக்குவது இதுவே. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் (1997) பரிந்துரைக்கும் அமைப்பு. இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் மிகப் பலர்.

• தேசிய அதிர்வெண் ஒதுக்கீட்டுத் திட்டம்: முதலாவது 1981. பின்னர் பலமுறை திருத்தம்; 2022 பதிப்பும் அவற்றில் ஒன்று.

• செயற்கைக்கோள் சமிக்ஞைகளைக் கண்காணிக்கும் சர்வதேச நிலையம்: ஜால்னா, மகாராஷ்டிரம்.

• 1995 பிப்ரவரி 9: வங்காள கிரிக்கெட் சங்க வழக்கு. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

• 2012 பிப்ரவரி 2: 2ஜி வழக்கில் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு, எல்லா இயற்கை வளங்களுக்கும் ஏலம் ஒன்றே வழி அல்ல என்று நீதிமன்றம் பதிலளித்தது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

• தொலைத்தொடர்புச் சட்டம், 2023: 1885-இன் தந்திச் சட்டத்துக்கும் 1933-இன் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் மாற்று. பொது விதி ஏலம். முதல் அட்டவணையில் உள்ளவற்றுக்கு நிர்வாக ஒதுக்கீடு. தேசப் பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை, வானிலை, அறிவியல் ஆராய்ச்சி, சமுதாய வானொலி ஆகியவை அட்டவணையில் உண்டு.

விமான நிலையமும் சிக்னல் பெருக்கியும்

• விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லும் ரேடியோ உயரமானி 4.2–4.4 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இந்தியாவில் 5ஜி-யின் நடுப்பட்டை 3.3–3.67 ஜிகாஹெர்ட்ஸ். இடையில் அரை ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் காவல் இடைவெளி உண்டு. அப்படியும் 2022 நவம்பரில், ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்து 2.1 கிலோமீட்டர், மையக்கோட்டிலிருந்து 910 மீட்டர் வரை இந்தப் பட்டையில் கோபுரம் அமைக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. பழைய உயரமானிகளின் வடிகட்டிகள் அடுத்த பட்டையின் வலுவான அலையையும் உள்ளே விட்டுவிடலாம் என்ற அச்சமே காரணம். குறுக்கீட்டுக்கு அலைபரப்பி மட்டுமே பொறுப்பு அல்ல, ஏற்பியின் தரமும் பொறுப்பு என்பதற்கு இது தெளிவான சான்று.

• கைப்பேசி சிக்னல் பெருக்கியை அனுமதியின்றி வீட்டில் மாட்டுவது குற்றம். ஒரு வீட்டுக்குச் சிக்னல் கூடும். தெரு முழுவதும் குலையும். அலை முடக்கிகளுக்கும் மத்திய அரசின் அனுமதி கட்டாயம்.

முத்தோரை: கேட்க மட்டுமே தெரிந்தவர்

• உதகை ரேடியோ தொலைநோக்கி, நீலகிரியின் முத்தோரையில் 1970 முதல் இயங்குகிறது. வடிவமைத்தவர் கோவிந்த் சுவரூப். நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர், பரவளைய உருளை வடிவம், 24 எஃகுச் சட்டங்கள், 1,056 இருமுனை ஆண்டெனாக்கள். மலைச்சரிவின் கோணம் அந்த இடத்தின் அகலாங்குக்குச் சமமாக, சுமார் 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் சுழற்றியே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. மலையின் சரிவையே கருவியின் பகுதியாக்கிய இந்தத் தேர்வு, நம் மாநிலத்தில் நடந்த மிகச் சிறந்த பொறியியல் முடிவுகளில் ஒன்று.

• இயங்கும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ். 322–328.6 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ வானியலுக்கு ஒதுக்கிய பட்டை.

• ரேடியோ வானியல் எதையும் ஒலிபரப்புவதில்லை. வை-ஃபை கருவிகளைப் போல அது யாருக்கும் தன் இருப்பைத் தெரிவிக்க முடியாது. அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது. "பேசும் முன் கேள்" என்ற விதி அதைக் காப்பாற்றாது. சட்டமும் தொலைவும் மட்டுமே காக்கும். அலைக்கற்றைக்கு விலை வைக்கும் காலத்தில், கட்டணம் செலுத்தாத இந்தக் கேட்பவருக்கு இடம் விடுவது அரசின் கடமை என்று உறுதியாக எழுதலாம்.

• அளவு புரிய: ரேடியோ வானியலின் அலகு ஜான்ஸ்கி, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு ஹெர்ட்ஸுக்கு 10-இன் அடுக்கு –26 வாட். நிலாவில் ஒரு கைப்பேசி இயங்கினால், அது வானின் வலுவான ரேடியோ மூலங்களில் ஒன்றாகத் தெரியும்.

• 1,400–1,427 மெகாஹெர்ட்ஸில் உலகெங்கும் எவரும் அலைபரப்பக் கூடாது. ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் கோடு, 1,420.4 மெகாஹெர்ட்ஸ், இதற்குள் இருக்கிறது.

• ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 1998 முதல் பதிவுசெய்த சில விசித்திரத் துடிப்புகள், ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவு திறக்கப்பட்ட நுண்ணலை அடுப்பிலிருந்து வந்தவை என்று 2015-இல் கண்டறிந்தார்கள்.

• அமெரிக்காவில் கிரீன் பேங்க் தொலைநோக்கியைச் சுற்றிச் சுமார் 34,000 சதுர கிலோமீட்டர் 1958 முதல் தேசிய ரேடியோ அமைதி மண்டலம். நம் நாட்டில் புனே அருகே கோடாட்டில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களுடன் மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியை அமைக்கும்போதும் ரேடியோ இரைச்சல் குறைந்த இடமா என்று பார்த்தே முடிவெடுத்தார்கள்.

அடிக்கடி குழம்பும் இடங்கள்

• பொட்டிப்புரத் திட்டம் ரேடியோ அலைகளைத் தடுக்கவோ பிடிக்கவோ அல்ல. நியூட்ரினோ மின்காந்த அலை இல்லை, மின்னூட்டமற்ற துகள். ஆய்வகம் நியூட்ரினோவை உற்பத்தி செய்யாது. வளிமண்டலத்தில் உருவாகி வருபவற்றைப் பதிவுசெய்யவே திட்டம்.

• உதகைத் தொலைநோக்கி முத்தோரையில். கொடைக்கானலில் 1899-இல் நிறுவப்பட்டது சூரிய ஆய்வகம். இரண்டும் மலை, இரண்டும் விண்ணியல் என்பதால் பலர் மாற்றிக் குறிக்கிறார்கள்.

• நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பேசிய சிங்காரா நீலகிரி மாவட்டம். சுருளி தேனி மாவட்டம். சுருளியும் ஒரு கட்டத்தில் பரிசீலனையில் இருந்தது.

• 5ஜி கோபுர அலை அயனியாக்கும் கதிர்வீச்சு அல்ல. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் கோபுரக் கதிர்வீச்சு வரம்பு, அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் பரிந்துரைத்த அளவில் பத்தில் ஒரு பங்கு.